காலி இலை தேடி வந்த கிழங்கு

மகாராஷ்டிரத்தில் ஏகாதசி உபவாசம் இருப்பவர்களின் தட்டில் பெரும்பாலும் சாபுதானா கிச்சடி இருக்கும். ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய், தாளிக்கக் கொஞ்சம் சீரகம். இந்த ஐந்தில் சீரகம் மட்டும்தான் பழைய உலகத்துப் பொருள். மற்ற நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களிலிருந்து வந்தவை. 1492-இல் கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்பு, பண்டரிபுரம் நடந்துபோன பக்தர் யாரும் இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டிருக்க முடியாது. அரிசியும் கோதுமையும் விலக்கப்பட்ட புனித நாளில், கடல் தாண்டி வந்த புதுப்பொருள்களைச் சேர்த்துக் கிண்டித் தெய்வத்தின் பெயரால் உண்கிறார்கள்.

அந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி நம் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து லாரி ஏறிப் போனது. சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டியை எடுத்துக்கொள்வோம். 1911-இல் சேலம் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய ஏரியாலும் அரளிப் பூவாலும் பெயர் பெற்ற ஊர். இந்த வட்டாரத்துக் காடுகளில் குச்சிக்கிழங்கு ஆளுயரத்துக்கு நிற்கும். பாடப்புத்தகம் மரவள்ளி என்று சொல்வதை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். தை, மாசியில் கரணை நட்டால் பத்து மாதத்தில் பிடுங்கலாம். பிடுங்கியதில் வீட்டில் அவித்துத் தின்பது கொஞ்சம். மீதியெல்லாம் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும். வடக்கே நோன்புக் காலம் நெருங்கினால் இங்கே ஜவ்வரிசிக்குக் கேட்பு கூடும்.

பிரேசில் பக்கத்துக் கிழங்கு ஒன்று சேலத்தில் விளைந்து மராத்திய நோன்பில் எப்படி இடம் பிடித்தது? புது உணவைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் பெரும் பணம் செலவழித்துத் தேடும் விடையில் பாதி இந்தக் கதைக்குள் கிடைக்கிறது.

புதிய உணவைக் கண்டு தயங்குவது மூடத்தனம் அல்ல. அது உயிர்காக்கும் குணம். மாட்டுக்குப் புல், புலிக்கு மான் என்று உணவு தீர்மானமாகிவிட்டது. மனிதனோ எதையும் தின்னக்கூடியவன். புதியதைத் தேடாவிட்டால் பஞ்சத்தில் சாவான், கண்டதைத் தின்றால் நஞ்சில் சாவான். இந்த இரட்டைக் கட்டாயத்தை அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976-இல் விரிவாக எழுதினார். புது உணவின் மீதுள்ள இந்த அச்சம் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உச்சத்தில் இருக்கும். தவழும்போது கண்டதையெல்லாம் வாயில் போட்ட பிள்ளை, நடந்து ஓடத் தொடங்கியதும் கீரையைப் பார்த்து முகத்தைத் திருப்புவது இதனால்தான். கண்காணிப்பை விட்டு விலகி ஓடும் வயதில் எதையும் வாயில் போடாமல் தடுக்க இயற்கை வைத்த பூட்டு அது. டொரன்டோவில் பாட்ரிசியா பிளினரும் கேரன் ஹாப்டனும் 1992-இல் பத்துக் கேள்வி வாக்கியங்களைக் கொண்டு இந்த அச்சத்தை அளக்க ஓர் அளவுகோலே வகுத்தார்கள். இன்றும் உணவு ஆய்வாளர்கள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

பூட்டைத் திறக்கும் சாவி, பழக்கம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது உறவுக்குப் பொருந்தலாம்; நாக்குக்கு நடப்பது நேர்மாறு. லியன் பர்ச் என்ற ஆய்வாளர் 1980-களில் சிறு குழந்தைகளிடம் சோதித்துக் காட்டியது இதைத்தான்: ஒரு பொருளை எத்தனை முறை சுவைக்கிறார்களோ அந்த அளவுக்கு அதை விரும்பத் தொடங்குகிறார்கள். எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூடத் தேவைப்படலாம். பெற்றோராகிய நாம் பெரும்பாலும் மூன்றாவது முறையிலேயே “இவனுக்கு ஆகாது” என்று முடிவுகட்டி விடுகிறோம்.

குச்சிக்கிழங்கைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு நியாயமும் இருந்தது. இந்தச் செடியில் லினமாரின் என்ற சேர்மம் இருக்கிறது. கிழங்கு நறுக்குப்படும்போதோ நசுங்கும்போதோ, அதுவரை தனியாக இருந்த நொதி ஒன்று லினமாரினோடு கலந்து அதைச் சிதைக்கும். அப்போது சயனைடு வெளியாகும். கசப்பு மிகுந்த ரகத்தைச் சரியாகச் சமைக்காமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. தோலில்தான் இது அதிகம். தோலைச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தச் சூத்திரம் தெரியாத ஊருக்கு இந்தக் கிழங்கைக் கொடுப்பது, சாவி இல்லாமல் வீட்டைக் கொடுப்பதைவிட மோசம்.

திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவராக மன்னர் விசாகம் திருநாளைச் சொல்வார்கள். 1880 முதல் 1885 வரை ஆண்டவர், செடிகொடிகளில் தோய்ந்த மனம் கொண்டவர். போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு முன்பே வந்திருந்த கிழங்கை நஞ்சு என்று மக்கள் ஒதுக்கியபோது, அதை அரண்மனையில் சமைத்துப் பரிமாறச் செய்தார் என்பது அங்கே வழிவழியாக வரும் செய்தி. ராஜா தின்று பிழைத்தால் நாமும் தின்னலாம் என்ற நம்பிக்கை. ஆனால் அரச கட்டளை சோற்றுப் பானைக்குள் நுழைவது அரிது. கப்பை என்று அழைக்கும் இந்தக் கிழங்கைக் கேரளம் முழு மனதோடு ஏற்றது, அது மீன்குழம்போடு சேர்ந்தபோதுதான். எலிசபெத் ரோசின் என்ற சமையல் எழுத்தாளர் 1970-களில் ஒரு கருத்தைச் சொன்னார்: ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தாளிப்பு முத்திரை உண்டு, அந்த முத்திரை விழுந்துவிட்டால் எந்த அந்நியப் பொருளும் வீட்டுப் பொருளாகிவிடும். குடம்புளியும் மிளகாயும் தேங்காய் எண்ணெயும் பிரேசில் கிழங்கை மலையாளியாக்கின. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரின் ஏழைகளுக்கு இந்தக் கிழங்குதான் கைகொடுத்தது.

சேலத்தின் கதை வேறு திசையில் போயிற்று. போருக்கு முன்பு நம் நாட்டுக்கு ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. அசல் ஜவ்வரிசி சேகோ பனை என்ற மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்தது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, விசேஷத்துக்குப் பாயசம், கோடையில் வடாம் என்று அதற்கு வீடுகளில் ஓர் இடம் ஏற்கெனவே அமைந்திருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் நின்றது. ஜவ்வரிசி உண்ணும் பழக்கம் இருக்கிறது, ஜவ்வரிசி இல்லை. பந்தியில் இலை போட்டிருக்கிறது, உட்கார ஆளில்லை என்ற நிலை.

கேரளத்துக்கு அடிக்கடி போய்வந்த சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரிடம் கிழங்கு மாவை உருட்டி ஜவ்வரிசி செய்யும் முறையைத் தெரிந்துகொண்டார். 1943-இல் சேலத்தில் குடிசைத் தொழிலாக இது தொடங்கியது. வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திரக் கைவினைஞர் ஆலைக்கான பொறிகளைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். மறு ஆண்டே பஞ்சம் கடுமையானதும், தின்னும் கிழங்கை ஆலைக்கு அனுப்பக்கூடாது என்று கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் கூட்டி முறையிட்டார்கள். அந்தத் தொழில் தப்பியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது.

இந்தத் தொழில் ஓர் அருமையான உணவு வடிவமைப்பு என்பதை நாம் போதுமான அளவு உணரவில்லை என்று நினைக்கிறேன். ஆலை வாசலில் கிழங்குக்கு முதலில் “பாயிண்ட்” பார்ப்பார்கள். மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை போடுவது. மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தி அதிகம் கொண்டது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். எத்தனை பாயிண்டோ அதற்கேற்ற விலை. இரண்டு பாயிண்ட் குறைந்தால் விவசாயியின் முகம் வாடிவிடும்.

பிறகு கிழங்கைக் கழுவி, தோல் சீவி, துருவி அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்துப் பால் எடுப்பார்கள். தங்கும் சக்கை திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படியும். லினமாரின் பிரச்சினை இந்த அரைப்பிலும் அலசலிலும் தண்ணீரோடு போய்விடும். வீட்டுப் பெண்கள் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய ஒரு பாதுகாப்புக் காரியத்தை ஆலை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. புது உணவை ஏற்கவைப்பதில் இது சிறிய விஷயமே அல்ல.

படிந்த மாவு ஈரமாக இருக்கும்போதே உடைத்துத் துணித்தொட்டிலில் இட்டு ஆட்டுவது பழைய முறை. இப்போது இயந்திரம் ஆட்டுகிறது. ஆட ஆட, ஈரத்துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டி உருண்டையாகும். சல்லடை வைத்து ஒரே அளவு உருண்டைகளைப் பிரித்து, எண்ணெய் தடவிய சூடான தகட்டில் புரட்டுவார்கள். மாவுச்சத்து மணிகள் 65 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஈரத்தை உறிஞ்சி வீங்கிப் பசையாகும். தகட்டில் சூடு படுவது மேற்பரப்பில் மட்டும். ஆகவே வெளியே மெல்லிய பசை ஓடு, உள்ளே வேகாத மாவு. களத்தில் வெயிலில் காய்ந்ததும் ஓடு இறுகும். கடையில் மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குவது இதைத்தான். நீராவியில் முழுக்க வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடி போல இறுகிய நைலான் ஜவ்வரிசி.

மரவள்ளி மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலிப் பகுதி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். கிளைவிட்ட அமைலோபெக்டின்தான் மிகுதி. வெந்ததும் ஒளி ஊடுருவுவதும், பல்லில் மெதுமெதுவென்று இழுபடுவதும் அதனால். தனக்கென்று மணமும் சுவையும் கிடையாது. வெல்லத்தோடு சேர்ந்தால் பாயசம், மிளகாயோடு சேர்ந்தால் வடாம், கடலையோடு சேர்ந்தால் கிச்சடி. எந்தத் தாளிப்பு முத்திரையும் இதன் மேல் விழும். தைவான்காரர்கள் 1980-களில் இதே மரவள்ளி உருண்டையைப் பெரிதாக்கிப் பால் தேநீரில் போட்டார்கள். சென்னையின் வணிக வளாகங்களில் நம் பிள்ளைகள் தடித்த உறிஞ்சுகுழாய் வைத்து உறிஞ்சும் போபா அதுதான்.

ஜவ்வரிசி வெற்றிகண்ட அதே காலத்தில், அதே கிழங்கு இன்னொரு வடிவத்தில் தோற்றது. 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அரிசிப் பற்றாக்குறை வாட்டிய நாள்கள். மரவள்ளி மாவு, கடலை மாவு, கோதுமை ரவை சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவத்தில் வெட்டிக் காயவைத்துச் செயற்கை அரிசி ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். கடலை சேர்ந்ததால் புரதம் உண்டு. நோக்கம் உயர்ந்தது, அறிவியல் பழுதற்றது, எந்தக் கணக்கிலும் ஜவ்வரிசியைவிட நல்ல உணவு. ஜவ்வரிசியில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. இருந்தும் இன்று நம் மளிகைக் கடைகளில் எது இருக்கிறது, எது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

காரணம் அந்த வடிவத்திலேயே இருக்கிறது என்பது என் முடிவு. அரிசியைப் போல இருக்கும் ஒன்றை நாக்கு அரிசியோடுதான் ஒப்பிடும். நூற்றுக்கணக்கான தலைமுறைகள் சோற்றின் மணத்தையும் பதத்தையும் எடைபோட்டுப் பழகிய நாக்கு அது. சிறு வித்தியாசத்தையும் குற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும். செயற்கை அரிசி, ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்த இலைக்கு முன்னால் போய் நின்றது. ஜவ்வரிசி காலி இலையைத் தேடி உட்கார்ந்தது. உணவு விஞ்ஞானிகள் சுவையையும் சத்தையும் கணக்கிடுமளவு இந்த இடத்தைக் கணக்கிடுவதில்லை.

சேலத்தில் முதல் ஜவ்வரிசி உருண்ட அதே 1943-இல், அமெரிக்காவில் கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டில், வீடுகளில் ஒதுக்கப்பட்ட இதயம், சிறுநீரகம் போன்றவற்றை உண்ணவைப்பது எப்படி என்பது கேள்வி. குடும்பத் தலைவிகளில் சிலருக்கு நல்ல சொற்பொழிவு. மற்றவர்கள் தங்களுக்குள் பேசித் தாங்களே முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதத்தினரே அதைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். அடுப்படிக்குள் எது நுழையலாம் என்று தீர்மானிக்கும் வாயில்காப்போர் பெண்கள், அவர்களிடம் உபதேசம் செல்லாது என்று லெவின் கண்டார். எண்பது ஆண்டுகள் கழித்தும் நம் ஊட்டச்சத்து இயக்கங்கள் மேடையும் ஒலிபெருக்கியுமாகவே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நோன்புக்கு வருவோம். உபவாச விதிகள் விலக்கியவை பழைய தானியங்கள். அந்த விதிகள் உருவானபோது இந்நாட்டில் இல்லாத கிழங்குக்குத் தடை எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. தானியம் எழுந்துபோன நாளில் இலை காலி; கிழங்கிலிருந்து வந்த ஜவ்வரிசி அதில் உட்கார்ந்துகொண்டது. பசியடக்கும், சில மணி நேரம் ஊறினால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும், நோன்பிருப்பவருக்கு அரைக்கும் வேலை இல்லை. நம் பக்கம் இதற்கு நேரெதிர் வழக்கும் உண்டு. திதிச் சமையலில் பல வீடுகளில் உருளைக்கிழங்கு, தக்காளி, கேரட், பீன்ஸ் சேர்க்க மாட்டார்கள். மிளகாய்க்குப் பதில் மிளகு. முன்னோர் அறியாததை முன்னோருக்குப் படைக்கக்கூடாது என்ற எண்ணம். தடைப்பட்டியல் வைத்த சடங்கில் புதியது நுழைகிறது. அனுமதிப்பட்டியல் வைத்த சடங்கில் அது வாசலிலேயே நிற்கிறது. இரண்டும் பக்திதான்.

மைசூர் அரிசியின் பாடத்தை நாம் சமீபத்தில் மறுபடியும் படித்தோம். ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுக்கப்போவதாக 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்தார்கள். அரிசி களையும்போது அந்த மணிகளில் சில மிதந்தன, நிறமும் சற்று வேறுபட்டது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிந்தார்கள். சத்தைப் பொறுக்கி எறிந்த கை அறியாமையால் எறிந்தது என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அரிசியில் கல்லும் நெல்லும் பொறுக்கியே வளர்ந்த கை அது. வித்தியாசமான மணியைக் கண்டால் எடுத்துப் போடுவதுதான் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒழுங்கு. சமைக்கும் பெண்களோடு பையை அவிழ்க்கும் முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

புது உணவு ஏற்கப்படுவதற்கு எங்கோ ஒரு நிலம் விலை கொடுக்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது, ஆலைகள் காசு கொடுத்ததால். இன்னொரு காரணமும் இருந்தது. சாமையின் உமியைப் பெண்கள் உரலில் குத்தித்தான் நீக்க வேண்டியிருந்தது, இடுப்பொடியும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையில் சிறுதானியங்களை மீட்க வேலை தொடங்கியபோது, விதையோடு அரவை இயந்திரத்தையும் கொண்டுபோனது சரியான முடிவு. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக உலகம் கொண்டாடியது. ஆனால் இன்றைய பிள்ளைக்குச் சாமைதான் புது உணவு, அந்நியம். சோற்றுக்கு மாற்று என்று மதிய இலையில் அதை நிறுத்தினால் மைசூர் அரிசிக்கு நேர்ந்ததே நேரும். மாலை நாலு மணித் தின்பண்டமாகவோ காலையில் வெண்பொங்கலாகவோ, மிளகும் நெய்யும் மணக்க வரட்டும். அங்கே இடம் இருக்கிறது.

வாங்குகிறவரின் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜவ்வரிசி எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்லது என்று சந்தை முடிவுகட்டி வைத்திருக்கிறது. கிழங்குத் தோலில் உள்ள பீனால் சேர்மங்கள் காற்றுப் பட்டதும் பழுப்பேறும். தோலை நன்றாகச் சீவி, நல்ல தண்ணீரில் அலசினால் மாவு இயல்பாகவே வெளுக்கும். அதற்குக் கூலி ஆகும், நேரம் ஆகும். அதை மிச்சப்படுத்தத் தோலோடு அரைத்து, வெளுக்கும் ரசாயனத்தால் நிறத்தைச் சரிக்கட்டும் ஆலைகளும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறை இந்த வட்டாரத்தில் பலமுறை சோதனை நடத்தி மூட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறது. முறையாகத் தோல் சீவும் ஆலைக்காரருக்கு இதனால் இரட்டை நட்டம்: செலவும் கூடுதல், பளீர் வெள்ளைக்கு முன்னால் விலையும் குறைவு.

சோதனை மட்டும் இதை மாற்றாது. பூனாவிலும் இந்தூரிலும் கடையில் நிற்பவர் பளிச்சென்று இருப்பதைக் கேட்கும்வரை ஆலை அதைத்தான் செய்யும். நம் வீட்டுக்கு வாங்கும்போதாவது, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளையை ஒதுக்கிவிட்டு, சற்று மங்கலான ஜவ்வரிசியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இல்லையென்றால் அடுத்த முறை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.